ஹாப்லைட்: ஒரு கிரேக்கச் சொல்லைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'கவசம் பூண்ட பண்டைய கிரேக்க வீரன்' என்று குறுக்கெழுத்துக் கட்டத்தில் குறிப்பு வந்தால் ஹாப்லைட் என்று எழுதி நிரப்பிவிடலாம். வேலை முடிந்தது. சொல் எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்கும்போதுதான் வம்பு தொடங்குகிறது. கூட்டங்களிலும் கடிதங்களிலும் திரும்பத் திரும்ப என்னிடம் வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

ஹாப்லைட் என்றால் யார்?

பெரிய வட்டக் கேடயமும் நீண்ட ஈட்டியும் ஏந்தி, வசதிக்கேற்பத் தலைக்கவசம், மார்புக்கவசம், காற்கவசம் அணிந்து, தரையில் வரிசைகட்டி நின்று போரிட்ட கிரேக்கக் குடிமகன். காலம் ஏறத்தாழ கி.மு. 7-ஆம் நூற்றாண்டு முதல் 4-ஆம் நூற்றாண்டு வரை.

'குடிமகன்' என்பதைக் கொஞ்சம் அழுத்திப் படியுங்கள். ஸ்பார்ட்டாவை விட்டுவிட்டால் இவர்களில் பெரும்பாலோர் முழுநேரப் படைவீரர்கள் அல்லர். அறுவடை முடிந்ததும் ஈட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும் விவசாயிகள், பட்டறையைச் சாத்திவிட்டு வந்த கைவினைஞர்கள். நாடக ஆசிரியர் ஏஸ்கிலஸ் பாரசீகரை எதிர்த்து நடந்த மராத்தான் போரில் போரிட்டவர். சாக்ரடீஸ் பொட்டிடாயா, டீலியம், ஆம்பிபொலிஸ் ஆகிய மூன்று இடங்களுக்கு ஹாப்லைட்டாகப் போனவர்.

எப்படி உச்சரிப்பது?

'ஹாப்லைட்' என்பது ஆங்கிலத்தின் வழியாக நமக்கு வந்த வடிவம். பண்டைய கிரேக்கத்தில் ஒருமை 'ஹொப்லீட்டேஸ்', பன்மை 'ஹொப்லீட்டாய்'. இன்றைய கிரேக்கர்கள் ஹகரத்தை விட்டுவிட்டு 'ஒப்லீட்டிஸ்' என்கிறார்கள். ஹாப்லைட் பழகிவிட்டது, அதையே எழுதலாம்.

'ஹொப்லோன்' என்ற கேடயத்தின் பெயரிலிருந்து வந்ததாகப் படித்தேனே?

நானும் அப்படித்தான் படித்தேன். பல ஆண்டுகள் அப்படியே சொல்லிக்கொண்டும் திரிந்தேன். பாடப்புத்தகம், அருங்காட்சியகக் குறிப்பு, ஆவணப்படம் என எங்கே திரும்பினாலும் 'ஹொப்லோன் என்றால் கேடயம், அதை ஏந்தியவன் ஹாப்லைட்' என்ற வாக்கியம் கண்ணில் படும். அது சரியல்ல.

ஹொப்லோன் என்றால் கருவி, தளவாடம். ஹோமரின் காவியங்களில் இச்சொல் கப்பலின் கயிற்றைக் குறிக்கிறது. கொல்லர் தெய்வமான ஹெஃபைஸ்டஸ் தம் பட்டறையில் எடுத்து வைக்கும் சாமான்களைக் குறிக்கிறது. போர்வீரனின் ஆயுதங்களையும் குறிக்கிறது. தமிழில் 'கருவி' உழவனிடமும் இருக்கும், இசைக்கலைஞனிடமும் இருக்கும், போர்வீரனிடமும் இருக்கும் அல்லவா, அதுபோல. 'கலம்' கூட அப்படித்தான். அடுப்படியில் கலம், கடலில் கலம், போர்க்களத்தில் படைக்கலம்.

போரைப் பற்றிப் பேசும்போது கிரேக்கர்கள் பெரும்பாலும் இதன் பன்மையையே சொன்னார்கள்: 'ஹொப்லா', அதாவது ஆயுதமும் கவசமும் சேர்ந்த முழுத் தொகுதி. பாசறையில் ஆயுதங்களைக் குவித்து வைத்த இடத்துக்கும் அதே பெயர். ஆக, ஹாப்லைட் என்றால் முழுப் படைக்கலத் தொகுதியோடு வந்தவன். கேடயம் அந்தத் தொகுதியில் ஒன்று.

பிறகு குழப்பம் எங்கே முளைத்தது? கி.மு. முதல் நூற்றாண்டில் எழுதிய டயோடோரஸ் என்ற வரலாற்றாசிரியர், பெல்டாஸ்ட் என்ற இலகுப் படையினருக்கு 'பெல்டே' என்ற சிறு கேடயத்தால் பெயர் வந்ததுபோல ஹாப்லைட்டுகளுக்கும் அவர்களுடைய கேடயத்தால் பெயர் வந்தது என்று ஓரிடத்தில் சொல்லிவிட்டுப் போனார். வேடிக்கை என்னவென்றால், அந்த வாக்கியத்திலேயே கேடயத்துக்கு அவர் பயன்படுத்தும் சொல் ஹொப்லோன் அல்ல, அஸ்பிஸ்! 1996-இல் லேசன்பி, வைட்ஹெட் என்ற இரு அறிஞர்கள் கிரேக்க நூல்களில் இச்சொல் வரும் இடங்களை அலசி, கேடயத்தை மட்டும் குறிக்க ஹொப்லோன் வருவது மிக அரிது என்று காட்டினார்கள். அதற்குப் பிறகும் பழைய வாக்கியம் ஓயவில்லை.

அப்படியானால் கேடயத்தின் பெயர்?

அஸ்பிஸ். விட்டம் 80 முதல் 100 சென்டிமீட்டர். எடை ஆறு முதல் எட்டு கிலோ வரை. பாப்லர், வில்லோ போன்ற லேசான மரத்தில் கிண்ணம்போலக் குடைந்த உடல், உட்புறம் தோல், விளிம்பில் வெண்கலம். சிலவற்றில் முகப்பு முழுவதுமே வெண்கலத் தகடு, ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமன். அம்பைத் தடுப்பது பெரும்பாலும் மரம்தான். தகடு பளபளப்புக்கும் விரிசலைத் தடுப்பதற்கும்.

இதைப் பிடித்த விதம்தான் முக்கியம். கல்யாண வீட்டில் சமையலுக்கு எடுக்கும் பெரிய அண்டாவின் மூடியை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் உள்ள ஒற்றைக் கைப்பிடியைப் பற்றி அதை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் இரண்டு நிமிடத்தில் மணிக்கட்டு விட்டுப்போகும். கிரேக்கர்கள் அந்த நடுக் கைப்பிடியை எடுத்துவிட்டு, அங்கே ஓர் அகலமான வெண்கல வளையத்தை வைத்தார்கள். பெயர் 'போர்பாக்ஸ்'. அதற்குள் இடக்கையை முழங்கை வரை நுழைத்து, விளிம்போரத்தில் இருக்கும் 'அன்டிலாபே' என்ற கயிற்றுப் பிடியை விரல்களால் பற்ற வேண்டும். பாரம் மணிக்கட்டிலிருந்து முன்கை முழுவதற்கும் இறங்கிவிடும். கேடயம் ஆழமான கிண்ணம் என்பதால், ஓய்வாக நிற்கும்போது மேல் விளிம்பை இடது தோளில் சாய்த்துக்கொள்ளலாம்.

ஆனால் முழங்கை கேடயத்தின் நடுவில் மாட்டியிருப்பதால் அதன் இடது பாதி உடம்பைத் தாண்டி வெளியே நீண்டு நிற்கும்.

அந்த இடது பாதியால் என்ன பயன்?

பக்கத்தில் நிற்பவனுக்குப் பயன். உங்கள் இடப்பக்கத்தில் இருப்பவனின் வலப்புறத்தை அது மறைக்கும். உங்கள் வலப்புறத்தை, உங்களுக்கு வலப்பக்கம் நிற்பவனின் கேடயம் மறைக்கும். இந்த ஏற்பாட்டில் மனித சுபாவம் எப்படி விளையாடியது என்பதை வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் எழுதியிருக்கிறார். கி.மு. 418-இல் நடந்த மன்டினேயா போரை விவரிக்கும்போது அவர் சொல்வது: எல்லாப் படைகளும் மோதப் போகும்போது வலப்பக்கமாக ஒதுங்கிக்கொண்டே போகும். ஒவ்வொருவனும் மூடப்படாத தன் வலப்புறத்தை அடுத்தவன் கேடயத்துக்குப் பின்னால் நுழைக்கப் பார்ப்பான். வலது ஓரத்தில் நிற்பவன்தான் தொடக்கப்புள்ளி. அவனை மறைக்க யாருமில்லை, ஆகவே எதிரியிடம் தன் வலப்புறத்தைக் காட்டாமலிருக்க அவன் விலகிக்கொண்டே போவான். பயத்தில் அவனைப் பார்த்து மற்றவர்களும் விலகுவார்கள்.

பஸ் படிக்கட்டில் ஒருவர் ஒதுங்க வரிசை முழுவதும் ஒதுங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

இந்த வரிசைக்குப் பெயர் 'ஃபாலங்ஸ்'. பொதுவாக எட்டு ஆள் ஆழம். ஸ்பார்ட்டாக்காரர்கள் குழலிசைக்கு அடி வைத்து நிதானமாக நடந்து வருவார்கள் என்றும் தூசிடிடீஸ் சொல்கிறார். மோதிய பிறகு பின்வரிசையினர் முன்வரிசையினரைக் கேடயத்தால் உண்மையிலேயே நெட்டித் தள்ளினார்களா, அல்லது 'தள்ளுதல்' என்பது 'எதிரியைப் பின்வாங்கச் செய்தார்கள்' என்பதுபோன்ற வழக்கா? ஆய்வாளர்கள் இன்றுவரை அடித்துக்கொள்கிறார்கள். என் ஓட்டு இரண்டாவதற்கு. எட்டு ஆள் பாரத்தில் நசுங்கிக்கொண்டே ஒருவன் ஈட்டியைக் குறிபார்த்துக் குத்துவதை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

ஹோமரின் வீரர்கள் ஹாப்லைட்டுகளா?

இல்லை. ஹோமரிடம் ஹொப்லா உண்டு, ஹொப்லீட்டேஸ் கிடையாது. அஸ்பிஸ் கி.மு. 700-ஐ ஒட்டித் தோன்றியது. அதை ஏந்தியவனுக்கான இந்தப் பெயர் நம் கைக்குக் கிடைக்கும் நூல்களில் கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் தலைகாட்டுகிறது. பொருள் வந்து இரண்டு நூற்றாண்டு கழித்தே பெயர் எழுத்தில் ஏறியிருக்கிறது.

மிகப் பழைய இடங்களில் ஒன்று கி.மு. 467-இல் மேடையேறிய ஏஸ்கிலஸின் நாடகம். தீப்ஸ் நகரின் வாசல்களைத் தாக்க வந்த தளபதிகளின் கேடயங்களில் என்னென்ன வரைந்திருக்கிறது என்று ஒரு தூதன் வரிசையாகச் சொல்கிறான். அதில் ஒன்றில் 'ஹொப்லீட்டேஸ் மனிதன்' ஒருவன் ஏணி வைத்து எதிரியின் கோபுரத்தில் ஏறுகிறான். அங்கே அது பெயரடை, 'படைக்கலம் பூண்ட' என்று பொருள். கேடயத்தில் தீட்டிய ஓவியமாக இந்த வீரன் நமக்கு முதலில் அறிமுகமாவது எனக்குப் பிடித்த தற்செயல்.

கவசம் எவ்வளவு எடை? எல்லோரும் முழுக் கவசம் போட்டார்களா?

பழைய புத்தகங்கள் மொத்தமாக முப்பது கிலோவுக்கு மேல் போகும். அண்மைக் கணக்குகள் இருபதைச் சுற்றி, அல்லது அதற்கும் கீழே நிற்கின்றன. எல்லோரும் முழுக் கவசம் போடவில்லை. கேடயமும் ஈட்டியும் கட்டாயம். தலைக்கவசம் பெரும்பாலோரிடம் இருந்தது. மற்றவை காசைப் பொறுத்தவை.

1953-இல் ஆர்கோஸ் நகரத்துக் கல்லறை ஒன்றில் கி.மு. 8-ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த வெண்கல மார்புக்கவசமும் தலைக்கவசமும் கிடைத்தன. மணியைக் கவிழ்த்ததுபோல இடுப்பில் விரிந்த வடிவம். பிற்காலத்தில் துணியாலோ தோலாலோ ஆன லேசான மார்புக்கவசம் பரவியது. கொரிந்தியத் தலைக்கவசம் ஒரே வெண்கலத் தகட்டை அடித்து அடித்துச் செய்தது. மூக்குக்கு ஒரு தகடு, கண்ணுக்கு இரண்டு துளை, காதுக்கு வழியே இல்லை. அதைப் போட்டுக்கொண்டவனுக்குத் தளபதி கத்துவது எவ்வளவு கேட்டிருக்கும்! ஈட்டி மரம், நீளம் இரண்டு முதல் இரண்டரை மீட்டர். முனை இரும்பு, அடியில் வெண்கலக் கூர். முனை முறிந்தால் திருப்பிப் பிடித்துக் குத்தலாம், ஓய்வில் மண்ணில் ஊன்றி நிறுத்தலாம்.

திரைப்படங்களில் ஸ்பார்ட்டா வீரர்கள் வெற்று மார்போடு பாய்வதைப் பார்த்துக் கேட்கிறவர்களுக்கு: அது உடற்பயிற்சிக்கூட விளம்பரம்.

ஆயுதங்களை அரசு கொடுத்ததா?

பொதுவாக இல்லை. அவரவர் வாங்க வேண்டும். சொல்லின் அர்த்தமே இங்கேதான் கூர்மையாகிறது. 'ஹொப்லா உடையவன்' என்பது படைப்பிரிவின் பெயர் மட்டுமல்ல, அவன் வீட்டு வசதியின் அளவுகோலும்கூட.

கி.மு. 6-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏதென்ஸ் வெளியிட்ட கல்வெட்டாணை ஒன்று, சலாமிஸ் தீவில் குடியிருப்பவர்கள் 30 டிராக்மா மதிப்புள்ள ஆயுதங்களைத் தாங்களே வைத்திருக்க வேண்டும் என்கிறது. நூறாண்டு கழித்துக்கூட ஒரு தேர்ந்த கைவினைஞரின் நாள்கூலி ஒரு டிராக்மாதான். அதை வைத்துப் பார்த்தால் 30 டிராக்மா ஒரு மாத உழைப்பு. கி.மு. 431-இல் ஏதென்ஸிடம் களத்துக்கு அனுப்பக்கூடிய ஹாப்லைட்டுகள் 13,000 பேர் இருந்தார்கள். வாங்க வழியில்லாதவர்கள் கப்பலில் துடுப்பு வலித்தார்கள், கல்லெறிந்தார்கள், வேல் எறிந்தார்கள். ஏதென்ஸின் பேரரசைத் தாங்கியது அந்தத் துடுப்புகள் என்றாலும் கவிதையும் சிற்பமும் கேடயக்காரனுக்கே போயின.

விதிவிலக்குகள் உண்டு. போரில் தந்தையை இழந்த பிள்ளை வளர்ந்து ஆளானதும் ஏதென்ஸ் நகரமே முழுப் படைக்கலத்தைக் கொடுத்தது. கி.மு. 4-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பயிற்சி பெறும் இளைஞர்களுக்கு ஓராண்டு முடிந்ததும் கேடயமும் ஈட்டியும் அரசு வழங்கியது. ஸ்பார்ட்டாவில் கதை வேறு. அங்கே நிலத்தை உழுதவர்கள் 'ஹெலாட்' என்ற அடிமைகள். கி.மு. 479-இல் பாரசீகரை எதிர்த்து நடந்த பிளாட்டேயா போருக்கு ஸ்பார்ட்டாக்காரர்கள் 5,000 பேர் வந்தார்கள், ஒவ்வொருவருக்கும் ஏழு ஹெலாட்டுகள் கூட வந்தார்கள் என்று வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் கணக்குச் சொல்கிறார். கணக்குப் போட்டால் 35,000 பேர். அவர்களைப் பற்றி யாரும் கேள்வி அனுப்புவதில்லை.

கேடயத்தைப் போட்டுவிட்டு ஓடினால் தண்டனையா?

தண்டனையைவிட அவமானம் பெரிது. ஓட வேண்டுமென்றால் முதலில் உதறுவது அந்த எட்டுக் கிலோவைத்தான். அப்படி ஓடியவனுக்குப் பெயர் 'ரிப்ஸாஸ்பிஸ்', கேடயம் எறிந்தவன். இந்த வசைச்சொல்லில் ஒளிந்திருப்பதும் அஸ்பிஸ்தான், ஹொப்லோன் அல்ல, கவனியுங்கள். ஏதென்ஸில் ஒருவரைப் பற்றி இதைப் பொய்யாகச் சொன்னால் 500 டிராக்மா அபராதம்.

தலைக்கவசமும் மார்புக்கவசமும் அவனவனுக்காக, கேடயம் வரிசை முழுவதற்காக என்று ஸ்பார்ட்டா அரசர் டெமராட்டஸ் சொன்னதாக புளூட்டார்க் எழுதுகிறார். அதனால்தான் அதை எறிவது அவ்வளவு பெரிய குற்றம்.

ஆனால் எல்லோரும் வெட்கப்படவில்லை. கி.மு. 7-ஆம் நூற்றாண்டில் பாரோஸ் தீவின் கவிஞர் ஆர்கிலோகஸ் தம் கேடயத்தை ஒரு புதரோரம் விட்டுவிட்டு வந்ததைக் கவிதையாகவே பாடினார். எவனோ ஒரு திரேசியன் அதை வைத்துக்கொண்டு மகிழ்கிறான், என் உயிர் தப்பியது, கேடயம் போனால் போகட்டும், அதற்குக் குறையாத இன்னொன்றை வாங்கிக்கொள்கிறேன் என்பது அதன் சாரம்.

ஸ்பார்ட்டாவின் கேடயத்தில் 'லாம்டா' எழுத்து இருந்தது உண்மையா?

பிற்காலத்தில் இருந்தது. லாம்டா என்பது கிரேக்க 'ல', ஸ்பார்ட்டா நாட்டின் இன்னொரு பெயரான லாகெடைமோனின் முதலெழுத்து. அதற்குச் சான்று கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த யூபோலிஸ் என்ற நகைச்சுவை நாடகாசிரியரின் ஒரு வரி. கி.மு. 480-இல் பாரசீகரை எதிர்த்து நடந்த தெர்மோபிலே போரில் இருந்ததற்குச் சான்றில்லை.

ஹாப்லைட்டுகளைத் தோற்கடிக்கவே முடியாதா?

சமவெளியில் எதிரெதிரே நின்றால் கடினம். மராத்தானில் 192 ஏதென்ஸ்காரர்கள் இறந்தார்கள், பாரசீகத் தரப்பில் 6,400 பேர் என்கிறார் ஹெரோடோட்டஸ். ஆனால் கரடுமுரடான நிலத்தில், கிட்டே வராமல் எட்ட நின்று எறிபவனிடம் இவர்கள் பரிதாபத்துக்குரியவர்கள். கி.மு. 425-இல் பைலோஸுக்கு எதிரே உள்ள ஸ்பாக்டீரியா தீவில் ஸ்பார்ட்டாத் தரப்பின் 420 ஹாப்லைட்டுகள் சிக்கிக்கொண்டார்கள். ஏதென்ஸ் தரப்பின் வில்லாளிகளும் வேலெறிபவர்களும் அவர்களை நாள் முழுவதும் துளைத்தெடுத்தார்கள். கடைசியில் 292 பேர் சரணடைந்தார்கள், அவர்களில் ஏறத்தாழ 120 பேர் அசல் ஸ்பார்ட்டாக் குடிமக்கள். கிரேக்க உலகமே வாயைப் பிளந்தது. ஸ்பார்ட்டாக்காரன் சரணடைவானா? செத்தவர்கள்தான் வீரர்களா என்று ஒருவன் குத்தலாகக் கேட்க, வீரனைப் பார்த்துக் குறிவைக்கத் தெரிந்தால் அம்புக்கு நல்ல விலை கிடைக்குமே என்று கைதி ஒருவன் பதில் சொன்னான்.

அந்தக் கைதிகளின் கேடயங்களில் ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. ஏதென்ஸின் பழைய சந்தைத்திடலான அகோராவில் 1936-இல் ஒரு நீர்த்தொட்டியிலிருந்து எடுத்தார்கள். மரம் மக்கிப்போய்விட்டது. பச்சை படிந்து, நசுங்கி, வட்டம் கோணிய வெண்கலத் தகடு மட்டும் மிச்சம். அதன் முகப்பில் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்து: 'ஏதென்ஸ்காரர்கள், லாகெடைமோனியரிடமிருந்து, பைலோஸிலிருந்து'. லாகெடைமோனியர் என்றால் ஸ்பார்ட்டாக்காரர்கள். 'பறித்தோம்' என்ற வினைச்சொல் இல்லை, தேவைப்படவும் இல்லை. ஸ்பாக்டீரியாவில் பிடித்த கேடயங்கள் ஏதென்ஸின் ஓவிய மண்டபத்தில் துருவும் காலமும் தீண்டாமல் கீல் பூசி மாட்டப்பட்டிருந்ததைப் போர் முடிந்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து வந்த பயணி பௌசானியஸ் பார்த்திருக்கிறார்.

பெல்டாஸ்ட், கட்டாஃப்ராக்ட் இவர்களெல்லாம் யார்?

பெல்டாஸ்ட் சிறு கேடயமும் எறிவேலும் கொண்ட இலகுப் படையினன். கி.மு. 390-இல் கொரிந்துக்கு அருகே லெக்கையோனில் ஏதென்ஸ் தளபதி இஃபிகிராட்டீஸின் பெல்டாஸ்டுகள் ஸ்பார்ட்டாவின் 600 பேர் கொண்ட பிரிவொன்றைச் சின்னாபின்னமாக்கினார்கள். கட்டாஃப்ராக்ட் என்றால் 'முற்றிலும் மூடப்பட்டவன்': குதிரைக்கும் ஆளுக்கும் கவசம் பூட்டிய பிற்காலக் குதிரைப்படை. கட்டத்தில் ஹாப்லைட் பொருந்தாவிட்டால் இதைப் போட்டுப் பாருங்கள்.

தமிழில் இதற்கு என்ன சொல்லலாம்?

'கவச வீரன்' என்பது பாதி உண்மை. 'கேடய வீரன்' பழைய பிழையைத் தமிழில் நிலைநிறுத்துவது. 'படைக்கலம் பூண்டவன்' மூலத்துக்கு நெருக்கம், ஆனால் நீளம்.

அதே ஹொப்லா நம் மொழியில் வேறொரு கதவு வழியாக ஏற்கெனவே நுழைந்திருக்கிறது. 'பான்' என்றால் எல்லாம், அதோடு ஹொப்லா சேர்ந்து 'பனொப்லியா', முழுப் படைக்கலத் தொகுதி. புதிய ஏற்பாட்டில் எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில் இந்தச் சொல் வருகிறது. தமிழ் வேதாகமம் அதை 'தேவனுடைய சர்வாயுதவர்க்கம்' என்கிறது. மேலே கேடயப் புராணத்தைப் பற்றி எழுதியதையெல்லாம் அந்த மொழிபெயர்ப்பாளர் ஒரே சொல்லில் தீர்த்துவிட்டார்: சர்வ ஆயுத வர்க்கம். அடுத்து அங்கே வரும் 'விசுவாசமென்னும் கேடகம்' கிரேக்கத்தில் அஸ்பிஸ் அல்ல, 'துரெயோஸ்' என்ற நெடுங்கேடயம். அந்தப் பெயர் கதவைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது.

சங்க இலக்கியத்தின் யவனர் ஹாப்லைட்டுகளா?

முல்லைப்பாட்டில் பாசறையைக் காக்கும் யவனர் 'மெய்ப்பை புக்க வெருவரும் தோற்றத்து' வருகிறார்கள். மெய்ப்பை என்பது சட்டை. ஹாப்லைட் வரிசைகளின் காலம் அதற்கு வெகு முன்பே முடிந்துவிட்டது. ஆசை யாருக்கும் இருக்கும்தான், ஆனால் இல்லை.

ஒலிம்பிக்கில் கேடயத்தோடு ஓடினார்களாமே?

ஆம். 'ஹொப்லீட்டோட்ரோமோஸ்', கி.மு. 520-இல் சேர்க்கப்பட்டது. முதலில் வென்றவர் ஹெரேயாவின் டமரெட்டஸ். ஓட்டம் இரண்டு ஸ்டேடியம், ஏறக்குறைய 400 மீட்டர். போட்டியாளர்கள் ஏந்தி ஓடுவதற்கென்றே 25 வெண்கலக் கேடயங்கள் ஸேயுஸ் கோயிலில் இருந்ததாகப் பௌசானியஸ் எழுதுகிறார்.

இந்தச் சொல் இன்றும் புழக்கத்தில் உள்ளதா?

உள்ளது. இன்றைய கிரேக்க ராணுவத்தில் அதிகாரி அல்லாத சாதாரணச் சிப்பாய் 'ஒப்லீட்டிஸ்'. துப்பாக்கியை அரசே கொடுக்கிறது.

நேரில் பார்க்க எங்கே போகலாம்?

பைலோஸ் கேடயத்துக்கு ஏதென்ஸின் அகோரா அருங்காட்சியகம். ஹாப்லைட் வரிசை மோதும் காட்சியைத் தீட்டிய கீஜி ஜாடிக்கு, அது கி.மு. 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, ரோமின் வில்லா ஜூலியா. அதில் வரிசைக்கு நடுவே குழலூதும் சிறுவனைத் தேடிப் பாருங்கள். ஒரே இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் ஒலிம்பியாவுக்குப் போங்கள். காணிக்கையாக வந்த தலைக்கவசங்கள் அங்கே வரிசையாக இருக்கின்றன. மேல்பகுதி சிதைந்த ஒரு கொரிந்தியத் தலைக்கவசத்தின் விளிம்பில் சிறு எழுத்து ஓடுகிறது: 'மில்டியாடீஸ் ஸேயுஸுக்குப் படைத்தது'. மராத்தானில் படை நடத்திய மில்டியாடீஸ். பக்கத்திலேயே, பாரசீகரிடமிருந்து ஏதென்ஸ்காரர்கள் கைப்பற்றிப் படைத்த கூம்புத் தலைக்கவசம். அதற்குக் காதை மறைக்கும் தகடு இல்லை.